ஏழாம் நிரையின் கடைசி மங்கு

புனிதா ஜெயித்தவற்றை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஆனால் ஒன்றுகூடச் சும்மா வந்து சேரவில்லை.

பிறந்ததற்கு ஒரு காகிதத் துண்டுகூட இல்லாதவள், ஏழு முறை மனுப் போட்டு, முப்பத்தாறாவது வயதில் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை வாங்கினாள். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, கைக்குழந்தையோடு பதினான்கு மாதம் அசையாமல் இருந்தாள். குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள், மின்சாரத்தை வெட்டினார்கள். ஈப்போவின் புந்தோங்கில் ஒரு மலிவு விலை வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகே லயத்தை விட்டு இறங்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள், தன் மகள் தினேஸ்வரியைத் தாதியாக்கி வெள்ளைச் சீருடையில் பார்த்தாள். கடைசியாக, செத்துப்போன புருஷனின் பெயரில் ஒட்டிக்கிடந்த 'திருட்டு' என்ற சொல்லைச் சுரண்டிச் சுரண்டி, காகிதத்திலிருந்து எடுத்தே விட்டாள்.

அந்தக் கடைசி வெற்றிக்காக அவள் ஒரு மலையேறி, நுழைவுச்சீட்டு வாங்கி, ஒரு பூங்காவைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

புனிதாவின் அக்கா முத்தம்மா ஏழு வயது மூத்தவள். ஆயர் தாவாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில் பிறந்தவர்கள் இருவரும். முத்தம்மா பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். பிறப்புப் பத்திரம் வந்தது. புனிதா பிறந்தது 1975 அக்டோபரில், ஒரு வாரம் விடாமல் மழை அடித்து, மண்சாலை உடைந்து கிடந்த நேரத்தில். டிரெசர் வரவில்லை. அப்பா சன்னாசி மறுநாள் காலைப் பெரட்டில் நின்று, பெயர் கூப்பிட்ட ஆபிஸ் கிராணியிடம், "பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். கிராணியிடம் சொல்லிவிட்டால் சர்க்காரிடமே சொல்லியாயிற்று என்பது அவர் நினைப்பு. லயத்தில் இருந்த எல்லாருக்கும் அதே நினைப்புதான். கிராணி தலையை ஆட்டினார். அதோடு சரி.

1982இல் தோட்டத்துப் பள்ளியில் கடைசி வாங்கில் புனிதா ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றதும், வாங்கிக்கொண்டு வரட்டும் என்றார்கள். முத்தம்மா மூன்றாம் படிவம் வரை போனாள். தங்கை மரத்துக்கு மரம் ஓடி ஒட்டுப்பால் பொறுக்கினாள். பதின்மூன்று வயதில் பால்வெட்டும் கத்தியைப் பிடித்தாள். அந்தப் படிப்பைத் தான் தட்டிப் பறித்துவிட்டதுபோல முத்தம்மாவின் மனத்தில் ஒரு முள் எப்போதும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முத்தம்மா பிற்பாடு ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்தாறு வருஷமாகத் தரச் சோதனைப் பிரிவு. வெள்ளைக் கையுறைகளில் காற்றையும் தண்ணீரையும் நிரப்பி, கண்ணுக்கே தெரியாத ஊசி ஓட்டையைத் தேடிப் பிடிப்பது வேலை. வீட்டிலும் அதே புத்திதான். தண்ணீர் பில், மருந்துச் சீட்டு, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்றாலும் மேலிருந்து கீழே வரை படித்து, தேதி போட்டு, நெகிழிக் கோப்பில் வைப்பாள். அவள் படிக்காமல் விட்ட காகிதம் என்று ஒன்று இருந்தால், அது ஒன்றே ஒன்றுதான்.

புனிதாவின் புருஷன் பத்துமலை. அதே தோட்டத்துப் பால்வெட்டுக்காரர். மரம் அழிந்து எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையான பிறகு லோரியில் மூட்டை ஏற்றினார், பாதுகாவலராக நின்றார். 2019இல் ஒரு குத்தகைக் கம்பெனி அவரை மலைக்கு எடுத்தது. சிம்பாங் பூலாயைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலையில், நாலாயிரம் அடி உயரத்தில் ஒரு தாவரப் பூங்கா. அங்கே நடவு வேலை. திங்கள் போனால் சனிதான் வருவார். வாரம் முழுவதும் வேலையாட்கள் தங்கும் கொங்சியில் படுக்கை.

தோட்டத்தை விட்டு வரும்போது மற்றவர்கள் அலமாரியையும் சாமிப் படத்தையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். பத்துமலை அதோடு ஒரு மூட்டை மங்குகளையும் கொண்டு வந்தார். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டியிருந்த பீங்கான் கிண்ணங்கள். யாரும் எடுக்காமல் காட்டில் கிடந்தவை. "இத வச்சி என்னா பண்ணப் போறீங்க, கறி ஊத்தித் திங்கவா?" என்று புனிதா திட்டினாள். இருபது வருஷம் அவை மாடிப்படிக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தன.

2023 அக்டோபர் கடைசியில் அவற்றுக்கு வேலை வந்தது. "பின்னாடி மேட்டுல நெறைய நடணுமாம். தேவன் சொல்லிட்டாரு. மங்கு இருந்தா கை வேலைக்கு லேசா இருக்கும்" என்றார் பத்துமலை. தேவன் அவருக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர். புந்தோங் ஆள்தான், அவர்கள் வீட்டில் எத்தனையோ தடவை கை நனைத்தவன். ஒரு கோதுமை மாவுச் சாக்கில் புனிதா சிவப்பு நூலால் கைப்பிடி தைத்துக் கொடுத்தாள். முதல் திங்கள் ஐம்பது, அடுத்த திங்கள் ஐம்பது. ஞாயிறு நவம்பர் 12 தீபாவளி. திங்கள் விடுமுறை. 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மீதி முப்பது மங்குகளைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, கலகலவென்று சத்தம் வரப் படியிறங்கினார்.

"அடுத்த மாசம் ஒன்னக் கூட்டிட்டுப் போறேன். பூவெல்லாம் பாக்கலாம். சீட்டு வாங்காமலே உள்ள உடுவாங்க, நான் சொன்னா" என்றார் கீழேயிருந்து.

"ஆமா, நீங்கதான் அங்க தவுக்கே, பெரிய மொதலாளி!" என்றாள் புனிதா மேலேயிருந்து.

வியாழக்கிழமை, 16ஆம் தேதி, மேடு சரிந்தது. மண்ணுக்கு அடியிலிருந்து அவரை எடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

ஈப்போவில் சவக்கிடங்கின் வாசலில் மறுநாள் காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி உள்ளே நின்றாள். புனிதா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முத்தம்மா குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தேவன் ஓர் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, இது ஒரு சூராட்டு. அண்ணி கைநாட்டு வச்சிட்டாங்கன்னா வேல முடிஞ்சிரும். உடம்ப எடுத்துட்டுப் போலாம்."

முத்தம்மாவின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைக்க ஒரு கை வேண்டும். ஒரு கையில் குடை, மறு கையில் தங்கை. தெரிந்த பையன், அழுத கண். அவள் குனிந்து, "வை தங்கச்சி. வச்சிட்டுப் போலாம்" என்றாள்.

புனிதா விரலை நீட்டினாள். யார் காகிதத்தை நீட்டினாலும் விரலை நீட்டித்தான் அவளுக்குப் பழக்கம். பால்வெட்டிலும் பிற்பாடு உணவுக்கடைப் பாத்திரத்திலும் தேய்ந்த விரல் அது. அடையாள அட்டை எடுக்கப் போனபோது இயந்திரம் மூன்று தடவை வேண்டாம் என்றது. அன்றைக்கு மட்டும் ரேகை அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

கருமாதி முடிந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் புனிதா வெங்காயம் வாங்க மளிகைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பிச்சைமுத்து வாய்க்கொழுப்புக்குப் பெயர் போனவர். பக்கத்தில் சிரிப்பதற்கென்றே இரண்டு பேர் நின்றார்கள்.

"ஏம்மா புனிதா, மலையில ஆர்க்கிட் இப்ப என்னா வெல போவுது? ஒம் புருசன் சாக்குச் சாக்கா எறக்குனாராமே!"

அவளுக்குப் புரியவில்லை. "என்னாண்ணே சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு. பூத் திருடப் போனா சாமி பாத்துக்கிட்டு இருக்குமா? மண்ணத் தள்ளி உட்டுருச்சு!"

புனிதா வெங்காயத்தைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்தாள். இரவு அக்காவிடம் சொன்னபோது அழவில்லை. "அப்புடி யாரு சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுக்கா" என்றாள்.

முத்தம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு, அன்று தான் படிக்காமல் விட்ட காகிதத்தைத் தேடிக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். இன்றைக்கு ஆள் இல்லை என்றார்கள். வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு நகல் கைக்கு வந்தது. மலாயில் ஒன்றரைப் பக்கம். அங்கேயே நின்று, மேலிருந்து கீழே வரை படித்தாள்.

பத்துமலை என்ற தொழிலாளி, ஓய்வு நேரத்தில், யாரும் சொல்லாமல், தடை செய்யப்பட்ட சரிவில் ஏறினார். காட்டு ஆர்க்கிட் செடிகளைத் திருடுவது அவர் நோக்கம். அதற்காகக் கொண்டு போன சாக்கு ஒன்று உடலுக்குப் பக்கத்தில் கிடைத்தது. மேற்படி விவரங்கள் யாவும் உண்மை என்று மனைவி ஒப்புக்கொள்கிறார். அடியில் அந்தச் சுத்தமான ரேகை.

தொழிற்சாலையில் ஒரு ஓட்டைக் கையுறை அவள் கையைத் தாண்டிப் போய்விட்டால் பெட்டியில் இருக்கும் இருநூறும் திரும்பி வரும். இருபத்தாறு வருஷத்தில் அவள் பெயரில் திரும்பி வந்த பெட்டிகள் நான்கோ ஐந்தோதான். முத்தம்மா அந்த நகலை நாலாக மடித்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது.

அன்று மாலை தங்கையின் வீட்டில் படித்துக் காட்டினாள்.

"நீ அன்னிக்கு இதப் படிக்கலியாக்கா?"

"படிக்கல."

"எல்லாத்தையும் படிப்பியே."

"படிக்கலடி."

புனிதா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து, "அவரு விழுந்த எடத்த நான் பாக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் முத்தம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கம்பெனி விடாது, சரிவை மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துதானே இருக்கிறது, பூப் பார்க்க வந்தவர்களாகப் போவோம் என்று முடிவு செய்தார்கள்.

2024 ஜனவரி 6, சனிக்கிழமை. ஈப்போவிலிருந்து கிளம்பிய காலைப் பேருந்தில் இரண்டு பேரும் ஏறினார்கள். சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போயின. சாலையோரம் அங்கங்கே மலையை வெட்டிய இடங்களில் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. மேலே போகப் போக ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பனிமூட்டம். வாந்தி வராமலிருக்க முத்தம்மா தைலத்தை நீட்டினாள். புனிதா வேண்டாம் என்றாள். இந்த வழியாகத்தான் அவர் நாலு வருஷம் போய் வந்தார் என்பதை ஒவ்வொரு வளைவிலும் அவள் கண்ணால் குறித்துக்கொண்டு வருவதுபோலிருந்தது.

வாசலில் சீட்டு விற்ற பெண் ஒரு வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். "பூ எல்லாம் இப்ப நல்லா இருக்கு, மா" என்றாள் மலாயில். சீட்டில் அன்றைய தேதி அச்சாகியிருந்தது. புனிதா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சீட்டு வாங்காமலே உள்ள உடுவாங்கன்னாரு" என்றாள்.

உள்ளே சனிக்கிழமைக் கூட்டம். மஞ்சள் மழையுடை போட்ட சீனப் பிள்ளைகள் குட்டையைச் சுற்றி ஓடினார்கள். ரோஜா வளைவுக்கு அடியில் ஒரு ஜோடி நின்று படம் எடுத்துக்கொண்டது. பெரணி வீடு, கள்ளி வீடு, மூங்கில் வரிசை. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு தகரப் பலகை. அதில் யாருக்கும் வாயில் நுழையாத நீளப் பெயர். முத்தம்மா பழக்கத்தை விடாமல் ஒன்றொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். புனிதா பலகையைப் பார்க்கவில்லை. குனிந்து செடியின் அடியைப் பார்த்தாள். மண்ணை அணைத்திருந்த விதம், குச்சியில் கட்டியிருந்த முடிச்சு. மூன்று இடங்களில் நின்று, "இது அவரு கட்டு" என்றாள். தோட்டத்தில் மங்கைக் கம்பியில் கட்டும் அதே முடிச்சு.

ஆர்க்கிட் வீட்டுக்குள் இருவரும் போனார்கள். நூறு நிறத்தில் பூ தொங்கியது. புனிதா நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இதையாக்கா அவரு திருடப் போனாரு? 'மரத்துல தொத்திக்கிட்டு நிக்கிற புல்லு, இதுக்குப் போயி சீட்டு வாங்குறானுங்க'ன்னு சிரிப்பாரே."

ஆர்க்கிட் வீட்டின் பின்கதவுக்கு அப்பால் ஒரு சங்கிலி. அதில் சிவப்புப் பலகை, தடை என்று. அதன் பக்கத்தில் தேவன் நின்றிருந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். மழையுடைத் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

"அக்கா. அண்ணி. எதுக்கு இவ்ளோ தூரம்லா? குளுருல."

"பூப் பாக்க வந்தோம்" என்றாள் முத்தம்மா.

"பாத்தாச்சுல்ல? டீ வாங்கித் தாரேன், வாங்க."

"நீ எங்க வீட்டுல நெறைய டீ குடிச்சிருக்க, தேவன். அதுக்குப் பதிலா ஒண்ணு சொல்லு. எழுதினது யாரு?"

அவன் காலால் சரளைக் கல்லைத் தள்ளினான். "எனக்கும் ரெண்டு புள்ள இருக்குக்கா. மேட்ட மூடணும்னு முன்னாடியே லெட்டர் வந்திருச்சு. தவுக்கே நடவு முடிக்கணும்னாரு. அண்ணன அனுப்புன்னாரு, அனுப்புனேன். அப்புறம் எழுதுன்னாரு, எழுதினேன். இத நீங்க வெளிய போயி சொன்னா நான் சொல்லவேயில்லம்பேன். சாமி சத்தியமா அப்புடித்தான் சொல்வேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் புனிதா. அன்று அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. "அந்தச் சங்கிலிய மட்டும் கழட்டு."

அவன் கொக்கியை எடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "பத்து நிமிசம். நான் பாக்கல."

ஆறு மாடிப் படி உயரம் இருக்கும். செருப்பு வழுக்கியது, இருவரும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மேலே ஏறியதும் பனிமூட்டத்துக்குள் முதலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பூ என்று நினைத்தாள் முத்தம்மா. கிட்டே போனால், மங்குகள்.

இடுப்பு உயர மூங்கில் கம்பு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பீங்கான் மங்கு கவிழ்ந்திருந்தது. கம்புக்கு அடியில் முழ உயரக் கன்று. சரிவின் குறுக்கே கயிறு பிடித்தாற்போல் நிரை நிரையாகப் போயின. ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்து முடித்த மரத்தில் மங்கைக் கவிழ்த்துவிடுவார்கள். நிமிர்ந்திருந்தால் அந்த மரத்தில் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். பத்துமலை இங்கேயும் அதைத்தான் செய்திருந்தார். குழிக்கு ஒரு மங்கு உரம் அளந்து போட்டு, கன்றை நட்டு, மண்ணை மிதித்து, வேலை முடிந்ததும் மங்கைக் கம்பில் கவிழ்த்திருக்கிறார். கம்பும் மழையில் ஊறாது. விட்டுப்போனது எது என்று தேடவும் வேண்டாம்.

முத்தம்மா எண்ணத் தொடங்கினாள். முதல் நிரை இருபது. இரண்டாவதும் இருபது. அவள் நாலாம் நிரைக்குப் போவதற்குள் பின்னாலிருந்து புனிதா, "நூத்து முப்பது இருக்கும், பாரு" என்றாள்.

ஆறு நிரைகளில் நூற்று இருபது. ஏழாவதில் ஒன்பது கவிழ்ந்திருந்தன. அதற்கப்புறம் மேடு இல்லை. கத்தியால் சீவியதுபோல் நின்றுபோய், கீழே சிவப்பு மண் மட்டும் வழிந்து கிடந்தது.

அந்த விளிம்புக்கு ஒரு சாண் இப்பால், தோண்டிய குழி ஒன்று. குழிக்குப் பக்கத்தில் தரையில் பத்தாவது மங்கு, வாய் மேலே பார்த்து நிமிர்ந்திருந்தது. ஏழு வாரத்து மழைத் தண்ணீர். அடியில் கரைந்த உரம், வெள்ளையாக. ஒரு விட்டில் பூச்சி மிதந்தது.

புனிதா குனிந்தாள்.

"தொடாத!" என்று முத்தம்மா கத்திவிட்டாள். சத்தம் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. "தொடாத தங்கச்சி. மொதல்ல படம் எடுத்துக்கிறேன். ஒன் சீட்ட எடு. தேதி தெரியற மாதிரி பக்கத்துல புடி."

புனிதா நுழைவுச்சீட்டை மங்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். முத்தம்மா கைப்பேசியில் படம் எடுத்தாள். பிறகு நிரை நிரையாக. ஒவ்வொரு படத்திலும் புனிதாவின் தேய்ந்த கட்டைவிரலும், அது பிடித்த சீட்டில் ஜனவரி 6 என்ற தேதியும் இருந்தன. நாற்பத்தொரு படங்கள். பூத் திருட ஒரு தடவை ஏறிய ஆள் நூற்று இருபத்தொன்பது கன்றுகளை நட்டுவைத்துவிட்டுத் திருடமாட்டான். சாக்கில் என்ன வந்தது என்பதும் கம்புகளின் தலையில் கவிழ்ந்திருந்தது.

"அண்ணி, போதும்லா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

முத்தம்மா தலையசைத்ததும் புனிதா குந்தி உட்கார்ந்தாள். மங்கை எடுத்துத் தண்ணீரைச் சாய்த்தாள். அடியில் ஒட்டியிருந்த உரத்தை விரலால் வழித்துக் குழியில் போட்டாள். நடக் கன்று இல்லை. சுற்றியிருந்த மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, உள்ளங்காலால் மிதித்தாள். பக்கத்தில் சாய்ந்து கிடந்த கம்பை ஊன்றி, மங்கை அதன் தலையில் கவிழ்த்தாள். கொஞ்சம் கோணலாக நின்றது. மறுபடி சரி செய்தாள்.

"முடிஞ்சிருச்சு, வாங்க" என்றாள். யாரைச் சொன்னாள் என்று முத்தம்மா கேட்கவில்லை.

திரும்பும்போது பேருந்துக்கு வெளியே இருட்டியதுபோல மழை. ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியில் புனிதா விரலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். அழித்தாள். மறுபடி இழுத்தாள்.

"என்னாடி?"

"எம் பேர எழுதிக் குடுக்கா. ஒரு காயிதத்துல. சொல்லியெல்லாம் குடுக்க வேணாம். எழுதிக் குடுத்துட்டுப் போ, போதும்."

"எதுக்கு?"

"அடுத்த தடவ எவனாச்சும் காயிதத்த நீட்டுனா வெரல நீட்ட மாட்டேன்."

முத்தம்மா கோப்பிலிருந்து பழைய நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்தாள். அதன் முதுகில் பெரிதாக மூன்று எழுத்து எழுதினாள். புனிதா அதை மடித்து, நுழைவுச்சீட்டோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரமே மேட்டிலிருந்த மங்குகளைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது தேவன்தான் என்று கேள்வி. அவன் அதற்கப்புறம் புந்தோங்கில் அவர்கள் தெருப் பக்கம் வரவில்லை. பிச்சைமுத்து கடையில் சிரிப்பு கொஞ்ச நாள் ஓடியது. புனிதா வெங்காயத்துக்கு வேறு கடைக்குப் போனாள். பத்து வாரம், உணவுக்கடையின் பின்கட்டில், சோப்பு நுரை படிந்த எவர்சில்வர் மேசையில் அவள் விரலால் எழுதி எழுதித் தண்ணீர் ஊற்றினாள். 'பு' சீக்கிரம் வந்தது. 'தா' தள்ளாடி வந்தது. 'னி'யின் சுழி மட்டும் சேரவேயில்லை. நாட்காட்டித் தாள் நனைந்து நைந்து போனது. வேறு எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், இதையே பாத்துக்கிறேன்" என்றாள்.

முத்தம்மா எழுதிப் போட்ட புகாரைக் கேட்க, சர்க்காரின் தொழிலாளர் அலுவலகத்தில் நாள் கொடுத்தார்கள். அவள் நாற்பத்தொரு படங்களையும் அச்செடுத்து, வரிசை எண் போட்டு, அடியில் நிரையும் தேதியும் எழுதிக் கொண்டு போனாள். அதிகாரி ஒரு மலாய் அம்மாள். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசிப் படத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். புனிதா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முந்தைய வாக்குமூலத்தில் இருப்பது தனக்குப் படித்துக் காட்டப்படவில்லை. அதில் உள்ளது பொய். தன் புருஷன் வேலைக்கு அனுப்பப்பட்ட இடத்தில் வேலை செய்யும்போது செத்தார். தட்டச்சு செய்து வந்த காகிதத்தை முத்தம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். ஒரு தேதி தப்பாக இருந்தது. திருத்தித் தரச் சொன்னாள். திருத்தித் தந்தார்கள். மறுபடி படித்தாள்.

அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பரிவாகவே மை அட்டையைத் திறந்து புனிதாவின் பக்கம் நகர்த்தினார்.

புனிதா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாம், புவான்" என்று மலாயில் மரியாதையாகச் சொன்னாள். "இந்த வெரலு ஏற்கெனவே ஒரு பொய்யில இருக்கு. பேனா குடுங்க."

அந்தக் காகிதம் அதன்பின் எங்கெங்கோ போய்த் திரும்பியது. பதினொரு மாதம் கழித்துத்தான் இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. முந்தைய அறிக்கை ரத்து. திருட்டு என்ற குறிப்பு நீக்கப்பட்டது. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. தேவனுக்கோ தவுக்கேவுக்கோ என்ன ஆனது என்று அதில் இல்லை. புனிதா அதைப் பத்துமலையின் படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்துவிட்டு அக்காவிடம் கொடுத்தாள். "இத எடுத்து வச்சிக்க. அவரு ஒண்ணும் வரப் போறதில்ல" என்றாள்.

முத்தம்மா அந்தக் கடிதத்தைக் கோப்பில் இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறாள். முதலில் இருப்பது, அன்று அலுவலகத்தில் கேட்டு வாங்கிய வாக்குமூலத்தின் நகல். அதன் அடியில் பேனா மூன்று இடத்தில் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. 'பு' பெரிதாக, 'னி'யின் சுழி சேராமல், 'தா' கோட்டுக்கு வெளியே இறங்கி. எழுதி முடித்ததும் புனிதா அதை ஊதினாள், மை காய்வதற்கு. பக்கத்தில் தேதி போட வேண்டும் என்றார்கள். எண்கள் அவளுக்கு எப்போதுமே தெரியும். தோட்டத்தில் பாலை எடை போட்ட காலத்திலிருந்து தெரியும். அதை யாருடைய உதவியும் இல்லாமல் அவளே போட்டாள்:

18.3.2024.